மயிரிழை

வென்டல் ஓபர்ஹோல்ட் இடது தோளைச் சொல்லிக்கொண்டு வந்தார்.
குதிரைக்கு லாடம் அடிப்பவர். முப்பத்தோரு வருடம்
குளம்புகளை மடியில் ஏந்தியதில்
முதுகு முன்னே வளைந்து அப்படியே தங்கிவிட்டது.
வெளியே மிசூரியின் பிப்ரவரி.
வெயில் இருந்தது, சூடு இல்லை.

சட்டையைக் கழற்றி நிற்கச் சொன்னேன்.
வலது இடுப்பெலும்பு ஒரு விரற்கடை மேலே.
அதைச் சமன்கட்ட இடது தோள் ஏறியிருந்தது,
தோளைச் சமன்கட்டத் தலை சாய்ந்திருந்தது.
உடம்பு ஒரே துணி.
எந்த ஓரத்தை இழுத்தாலும்
வேறெங்கோ சுருக்கம் விழும்.

பிறகுதான் கை.
தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வேன்.
குளிர்ந்த விரலிடம் எந்தத் தசையும் உண்மை பேசாது.

கையைத் தூக்கிச் சுழற்றினேன்.
எண்ணெயிட்ட கீல் போலப் போய் வந்தது.
தோள் நிரபராதி.

"குதிரை நொண்டினால் காலைப் பார்க்கக் கூடாது, டாக்டர்,"
மேசையில் குப்புறக் கிடந்தபடி சொன்னார்.
"தலையைப் பாருங்கள்.
நோகும் கால் தரையில் படும்போது தலை நிமிரும்."

நான் முதுகெலும்பில் இறங்கிக்கொண்டிருந்தேன்,
கழுத்தடியிலிருந்து கணுக் கணுவாக.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதிலும் நான்காவதிலும், இடப்பக்கம் மட்டும்,
தோல் என் விரலை வழுக்கவிடவில்லை.
ஈரம். அதனடியில்,
பனி உருகிய வயலில் பூட்ஸ் அமிழ்வதுபோல் ஒரு கொழகொழப்பு.
அழுத்தினேன், கொடுத்தது.
எடுத்தேன், பழையபடி வந்து நின்றது.
சாதாரணப் பிடிப்பு இத்தனை பிடிவாதம் செய்யாது.
கொஞ்சம் கெஞ்சினால் இளகும்.

கல்லூரியில் முதல் வருடம்,
தலையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி
தொலைபேசிப் புத்தகத்தின் தாளுக்கடியில் வைத்து
கண்ணை மூடித் தேடுவோம்.
ஒரு தாள். ஐந்து தாள்.
பதினாறுவரை கண்டுபிடித்தேன்.
பதினேழில் விரல் பொய் சொல்லத் தொடங்கியது.
இருக்கிறது என்று நினைத்த இடத்திலெல்லாம்
மயிர் இருந்தது.

இது எத்தனையாவது தாள்?

அந்தக் கணுவைச் சொடுக்கி விட்டிருக்கலாம்.
"அப்பாடா" என்று எழுந்து
இருபது டாலர் அதிகம் வைத்துவிட்டுப் போயிருப்பார்.
உடம்பு தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும்,
நீ தடையை மட்டும் விலக்கு என்று படித்தவள் நான்.
இன்றும் நம்புகிறேன்.
ஆனால் அந்த முதுகு தனக்காக முறையிடவில்லை.
உள்ளே, முன்பக்கம் இருக்கும்
வேறு யாருக்காகவோ முறையிட்டுக்கொண்டிருந்தது.

"பரண் ஏறும்போது எப்படி?"
"எந்தப் பரண்?"
"வைக்கோல் பரண்."
நெடுநேரம் கழித்து,
"நடுவில் நின்றுதான் ஏறுகிறேன். தாங்க்ஸ்கிவிங்கிலிருந்து."

மார்வா ஓடிவந்து இசிஜி ஒயர்களை ஒட்டினாள்.
தாள் நீண்டு வந்தது. படித்தேன்.
பெரிய ஆஸ்பத்திரி நாற்பது மைல்.
"தோளுக்கு வந்தேன், முதுகைத் தடவினீர்கள்,
நெஞ்சுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறீர்கள்.
ஹாஸ்கெல் வீட்டில் குதிரை காத்திருக்கிறது."
"காத்திருக்கட்டும்."

ஏப்ரலில் வந்தார், இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட்டோடு.
மறுபடி மூன்றாவது, நான்காவது.
இளகியிருந்தது. அல்லது
இளகியிருக்க வேண்டும் என்று என் விரல் ஆசைப்பட்டது.
எது என்று அவரிடம் சொல்லவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டவர்,
பேனாவுக்கு நீண்ட என் வலது கையைக்
கேட்காமல் பிடித்தார்.
முன்னங்காலைத் தடவிப் பார்ப்பவர்போல்
மணிக்கட்டிலிருந்து ஒரே இழுப்பில் இறங்கி
கட்டைவிரலின் அடியில் நின்றார்.

"சூடு," என்றார்.
"எத்தனை மாதமாக மறைக்கிறீர்கள்?"